மிலானின் ஆயர், மிலானின் புனிதர்

மிலான் நகரின் பாதுகாவலரான புனித அம்புரோசியாரின் விழா டிசம்பர் 7 அன்று கொண்டாடப்படுகிறது. அவர் இறந்ததோ 397ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள். புனிதர்கள் இறந்த நாளை அவர்கள் விண்ணகத்தில் பிறந்த நாளாகக் கருதி அன்றே அவர்களை நினைவுகூர்வது தொன்மையான கிறிஸ்தவ வழக்கம். ஏப்ரல் 4 பெரும்பாலும் தவக்காலத்திலோ பாஸ்கா (ஈஸ்டர்) வாரத்திலோ விழுந்துவிடுவதால், அவர் ஆயராகத் (பிஷப்பாகத்) திருநிலைப்படுத்தப்பட்ட நாளாக மரபு குறிக்கும் டிசம்பர் 7 அவருடைய விழா நாளாயிற்று. காரணம் நடைமுறை சார்ந்ததுதான் என்றாலும், ஒரு நகரம் தன் ஆயரை அவர் தன்னிடம் வந்து சேர்ந்த நாளில் கொண்டாடுவது மிகப் பொருத்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் முதலில் அறிமுகமானது புனிதர்கள் மன்றாட்டுமாலையில். அகுஸ்தினார், எரோணிமுஸ், மார்ட்டின், நிக்கோலாஸ் என்று நீளும் அந்த வரிசையில் அவரும் ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்வோம். அவர்களில் பலர் தத்தம் ஊர்களின் ஆயர்கள் என்பதும், உலகத் திருச்சபை அவர்களை அறிவதற்கு முன்பே அந்தந்த ஊர்கள் அவர்களைத் தமக்குரியவர்களாக ஆக்கிக்கொண்டிருந்தன என்பதும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. புனிதர் பட்டத்தைத் திருத்தந்தை முறைப்படி வழங்கியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் உறுதியான சான்று 993ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அன்று அப்பட்டம் பெற்ற ஊல்ரிக் என்பவரும் ஆவுக்ஸ்பர்க் நகரின் ஆயரே. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஒருவரைப் புனிதராக்கியவை அவருடைய கல்லறையும், அதைச் சூழ்ந்திருந்த மக்களும், ஆண்டுதோறும் அவருடைய நாளைக் குறித்துவைத்த உள்ளூர்த் திருச்சபையும்தான். இந்த வழக்கம் எப்படி இயங்கியது என்பதை மிலானில் காண்பதுபோல் தெளிவாக வேறெங்கும் காண முடியாது என்பது என் எண்ணம். ஏனெனில் அங்கே புனிதரான ஆயர், தம் வாழ்நாளிலேயே புனிதர் வணக்கத்தை நகரின் நடுவில் நிலைநிறுத்தியவராகவும் இருந்தார்.

அவர் ஆயரான கதை நன்கு தெரிந்ததே. 374ஆம் ஆண்டில் ஆயர் ஆக்சென்சியுஸ் இறந்தார். அவர், இறைமகன் தந்தைக்கு இணையானவர் அல்லர் என்ற ஆரியுசின் போதனை சார்ந்த அணியில் நின்றவர். அப்போதனையை மறுத்த நிசேயா சங்கத்தின் அறிக்கையை ஏற்றவர்களுக்கும் அந்த அணியினருக்கும் இடையே அடுத்த ஆயர் யார் என்பதில் பூசல் எழுந்தது. அமைதி காக்கக் கோவிலுக்குள் வந்த மாநில ஆளுநர் அம்புரோசியாரைப் பார்த்து, 'அம்புரோசியாரே ஆயர்' என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டதாகவும், இரு அணியினரும் அதையே திரும்பக் கூவியதாகவும் அவருடைய வரலாற்றை எழுதிய பவுலினுஸ் கூறுகிறார். அம்புரோசியார் அப்போது திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை. சில நாள்களுக்குள் திருமுழுக்கும் ஆயர் திருநிலைப்பாடும் அவருக்கு வழங்கப்பட்டன. இறையியல் கற்றறியாத ஓர் அரசு அதிகாரியை நகரம் தன் கையால் இழுத்துத் தன் இருக்கையில் அமர்த்தியது. பின்னாளில் அவரைப் புனிதராக அறிவிக்கும் உரிமை தனக்கே உண்டு என்று அந்நகரம் கருதியதற்கு வேர் இங்கேயே இருக்கிறது.

அன்றைய மிலானுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. மேற்குப் பேரரசின் அரண்மனை அங்கே இருந்தது. ஆனால் உரோமைக்கு இருந்ததுபோல், நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைச்சாட்சிகளின் கல்லறைகள் இல்லை. இருந்த சில திருப்பண்டங்களும், அதாவது புனிதர்களின் எஞ்சிய உடற்பகுதிகளும், வெளியிலிருந்து வந்தவை. விக்டர், நாபோர், பெலிக்ஸ் ஆகிய மூவரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூர் இனப் படைவீரர்கள். அவர்கள் நம் மண்ணின் விருந்தினர்கள் என்று அம்புரோசியார் தம் பாடல் ஒன்றிலேயே சொல்கிறார். அவருடைய அண்ணன் சாத்திருஸ் இறந்தபோது விக்டரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மறைச்சாட்சியின் பக்கத்தில் கிடப்பவருக்கு அவருடைய துணை கிடைக்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அந்நம்பிக்கையை அவர் மக்கள் போக்கிலேயே விட்டுவிடவும் இல்லை. அகுஸ்தினார் தம் வாழ்க்கை அறிக்கையில் தம் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. வட ஆப்பிரிக்காவில் செய்துவந்ததுபோலவே கூழும் அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு மறைச்சாட்சிகளின் கல்லறைகளுக்கு மோனிக்கா சென்றார். வாயிற்காவலர் தடுத்தார், ஆயர் இதைத் தடை செய்திருக்கிறார் என்றார். கல்லறையில் உணவு படைப்பது குடிவெறிக்கு இடம் தருகிறது என்பதும், இறந்த முன்னோருக்குப் பிற சமயத்தார் செய்யும் சடங்கை ஒத்திருக்கிறது என்பதும் அம்புரோசியார் சொன்ன காரணங்கள். மோனிக்கா மறுபேச்சின்றிப் பணிந்தார். வேறு ஒருவர் தடுத்திருந்தால் என் தாய் இவ்வளவு எளிதில் விட்டிருக்க மாட்டார் என்று மகன் சேர்த்து எழுதுகிறார். இறந்தோருக்குப் படையலிடும் வழக்கத்தை வீட்டிலும் ஊரிலும் கண்டு வளர்ந்த தமிழருக்கு, அந்த மூதாட்டி கையில் கூடையோடு வாசலில் நின்ற நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயர் மக்களின் பக்தியை அழிக்கவில்லை. குடும்பங்களின் கையிலிருந்த கல்லறை வழிபாட்டை எடுத்து, ஆயரின் கையிலிருந்த நற்கருணைப் பீடத்தோடு அதை இணைத்தார். பிற்காலத்தில் ஆயர்களே புனிதர்களாவதற்கு வழி திறந்தது இந்த இணைப்புதான்.

386ஆம் ஆண்டு இது முழு வடிவம் பெற்றது. சிறுவனாக இருந்த பேரரசர் இரண்டாம் வாலந்தீனியனின் தாய் யுஸ்தினா ஆரியுசின் போதனைக்கு ஆதரவானவர். அந்த அணியினரின் வழிபாட்டுக்காக நகரின் ஒரு கோவிலைத் தரும்படி அரண்மனை கேட்டது. அம்புரோசியார் மறுத்தார். படைவீரர்கள் கோவிலைச் சூழ்ந்தபோது மக்கள் உள்ளேயே இரவும் பகலும் தங்கினார்கள். மோனிக்காவும் அவர்களுள் ஒருவர். சோர்ந்துபோகாதிருக்கக் கீழ்நாட்டுத் திருச்சபைகளின் முறைப்படி பாடல்களும் திருப்பாடல்களும் பாடும் வழக்கம் அப்போதுதான் மிலானில் தொடங்கியது என்று அகுஸ்தினார் பதிவு செய்கிறார். இறுதியில் அரண்மனை பின்வாங்கியது. ஆயினும் பகை தீரவில்லை.

அந்தச் சூழலில், நகர மதிலுக்கு வெளியே கல்லறை நிலத்தில் அம்புரோசியார் கட்டி முடித்திருந்த புதிய பேராலயத்தின் நேர்ந்தளிப்பு வந்தது. முன்பு மற்றொரு கோவிலுக்குச் செய்ததுபோல இதையும் திருப்பண்டங்களோடு நேர்ந்தளிக்க வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். மறைச்சாட்சிகளின் உடல்கள் கிடைத்தால் செய்வேன் என்று அவர் பதில் சொன்னார். நாபோர், பெலிக்ஸ் கல்லறைக்கு முன்னால் தோண்டச் சொன்னார். ஜூன் 17 அன்று, பழங்காலத்து மனிதர்களைப்போல் நெடிய உருவம் கொண்ட இருவரின் எலும்புகள் கிடைத்தன. முதியவர்கள் சிலர் கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற பெயர்களைத் தாங்கள் முன்பு கேட்டதுண்டு என்று நினைவுபடுத்திச் சொன்னார்கள். இரு நாள்களுக்குப் பின் அவ்வெலும்புகளைப் புதிய கோவிலுக்கு எடுத்துச் செல்லும் வழியில், செவேருஸ் என்ற பார்வையிழந்த கசாப்புக்காரர் அவற்றை மூடியிருந்த துணியைத் தொட்டுப் பார்வை பெற்றார் என்று அம்புரோசியாரும் அகுஸ்தினாரும் பவுலினுசும் எழுதியுள்ளனர். அரண்மனையைச் சேர்ந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். ஆளை விலைக்கு வாங்கி நடிக்கவைத்தார் என்றார்கள்.

இதெல்லாம் அம்புரோசியார் நடத்திய அரசியல் ஏற்பாடு என்ற குற்றச்சாட்டு இன்றும் சில வரலாற்று நூல்களில் ஒலிக்கிறது. காலப்பொருத்தம் ஐயத்தைத் தூண்டத்தான் செய்கிறது. ஆனால் தம் சகோதரி மார்செல்லினாவுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது, வெறும் சூழ்ச்சியாளரின் எழுத்தாக அது எனக்குத் தெரியவில்லை. பிறர் ஊர்களின் மறைச்சாட்சிகளைக் கவர்ந்துவந்த இந்நகரம் தன் சொந்த மறைச்சாட்சிகளை இழந்திருந்தது என்று அதில் வருந்துகிறார். அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அங்கே இருக்கிறது. பீடத்தின் அடியில் இருந்த இடத்தை அவர் தமக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். பலி ஒப்புக்கொடுத்த இடத்திலேயே குரு இளைப்பாறுவது தகும் என்பது அவர் கருத்து. இப்போது வலப்புறத்தை அந்த இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறார்.

ஆயர் தம் கல்லறையைப் பொதுப் பீடத்தின் அடியில் திட்டமிட்டதும், அங்கே மறைச்சாட்சிகளை முதலில் கிடத்தித் தாம் அவர்களுக்கு இடப்புறம் நின்றுகொண்டதும் மிகுந்த விளைவுகளை உண்டாக்கின. அதுவரை வணக்கத்துக்குரியோர் என்றால் பெரும்பாலும் இரத்தம் சிந்தியவர்களே. துன்புறுத்தல் ஓய்ந்த நூற்றாண்டில் படுக்கையில் நோயுற்று இறக்கும் ஆயருக்கு அந்தப் பெருமை எப்படி வரும்? மறைச்சாட்சியின் அருகே, அதே பீடத்தின் கீழ், அதே பலியின் நிழலில் கிடப்பதால் வரும். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே நடந்தது. பாஸ்காத் திருவிழிப்பை நெருங்கும் நேரத்தில் அவர் இறந்தார். உடல் பெரிய கோவிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிறகு அடக்கத்துக்காகத் தூக்கிச் சென்றபோது மக்கள் தங்கள் கைக்குட்டைகளையும் துணிகளையும் வீசி அவை அவ்வுடலைத் தொடும்படி செய்தார்கள் என்கிறார் பவுலினுஸ். யாரும் ஆணையிடவில்லை, எந்த விசாரணையும் நடக்கவில்லை. அடக்கத்தின்போதே அவர் புனிதராகிவிட்டார்.

அவர் மட்டும்தானா என்றால், இல்லை. அவருக்கு முன்னும் பின்னும் இருந்த மிலான் ஆயர்களில் பெரும்பாலோர் உள்ளூர் நாள்காட்டியில் புனிதர்களாகவே இடம்பெற்றுள்ளனர். 313இல் உரோமைச் சங்கத்தில் கலந்துகொண்ட மிரோக்கிளெஸ், கீழ்நாட்டு ஞானிகளின் திருப்பண்டங்களைக் கொண்டுவந்தவராக மரபு கூறும் எவுஸ்தோர்ஜியுஸ், பேரரசனை எதிர்த்து 355இல் நாடுகடத்தப்பட்ட தியோனிசியுஸ் ஆகியோரைப் பற்றியாவது சில செய்திகள் உண்டு. மற்றும் பலரைப் பற்றிப் பெயரும், அடக்கம் செய்யப்பட்ட நாளும், இடமும் தவிர நமக்கு அதிகம் தெரியாது. அவர்கள் அற்புதம் செய்ததால் வணங்கப்படவில்லை. நகரின் நம்பிக்கை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அறுபடாமல் வந்தது என்பதற்குச் சாட்சியாக வணங்கப்படுகிறார்கள். அந்த வரிசையில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆயராக இருந்த ஆக்சென்சியுசுக்குப் புனிதர் என்ற அடைமொழி இல்லை என்பதைக் கவனித்தால், வரிசை எதைக் காத்து நின்றது என்பது தெளிவாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பேராயர் இரண்டாம் ஆஞ்சில்பெர்ட், அம்புரோசியாரின் உடலையும் இரு மறைச்சாட்சிகளின் உடல்களையும் செந்நிறப் போர்பிரிக் கல்லால் ஆன ஒரே பேழையில் சேர்த்து வைத்தார். அதன்மேல் இருக்கும் பீடத்துக்குப் பொன்னாலும் வெள்ளியாலும் வேலைப்பாடு செய்தவர் வொல்வினியுஸ் என்ற கலைஞர். சான்ட் அம்ப்ரோஜோ பேராலயத்துக்குள் நான் சென்றபோது, அந்தப் பீடத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே என்னை நிறுத்திவைத்தது. முன்பக்கம் கிறிஸ்துவின் வாழ்வு. பின்பக்கம் அம்புரோசியாரின் வாழ்வு. ஒரே பீடத்தின் இரு முகங்களில் இரண்டையும் வைக்கும் துணிவு ஓர் ஊருக்குத் தன் ஆயர்மீதுள்ள அன்பிலிருந்து மட்டுமே வர முடியும். அங்கே ஒரு காட்சியில் ஆஞ்சில்பெர்ட்டுக்கும் மற்றொன்றில் வொல்வினியுசுக்கும் அம்புரோசியார் முடிசூட்டுகிறார். இன்னொரு காட்சியில் மிலான் பீடத்தின் முன் அவர் கண்ணயர்ந்திருக்க, அதே நேரத்தில் பிரான்சின் தூர் நகரில் ஆயர் மார்ட்டினின் அடக்கச் சடங்கை நிறைவேற்றுகிறார். மார்ட்டின் இறந்தது 397 நவம்பரில். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அம்புரோசியார் மறைந்துவிட்டார். காலக்கணக்கு ஒத்துவராத இக்கதையை மிலான் மக்கள் பொன்வெள்ளியில் பதித்துக் காத்தார்கள். தங்கள் ஆயர், மேற்கின் இன்னொரு பேர்பெற்ற ஆயரை வழியனுப்பியே இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பம் ஆண்டுக் கணக்கைவிட வலிமையானதாக இருந்திருக்கிறது.

திருவழிபாட்டில் அவருடைய பெயர் இன்றளவும் உயிரோடு இருக்கிறது. மிலான் உயர்மறைமாவட்டத்தின் மிகப் பெரும்பகுதி உரோமை முறையைப் பின்பற்றாமல் அம்புரோசிய வழிபாட்டு முறையைப் பின்பற்றுகிறது. திருவருகைக் காலம் நான்கு வாரங்களுக்குப் பதில் ஆறு வாரங்கள். மார்ட்டினின் விழாவாகிய நவம்பர் 11ஐ அடுத்த ஞாயிறன்று அது தொடங்கும். தவக்காலம் திருநீற்றுப் புதனுக்குப் பதில் அடுத்த ஞாயிறன்று தொடங்குவதால், பிற இத்தாலிய நகரங்களில் கார்னிவல் முடிந்தபின்னும் மிலானில் சனிக்கிழமை வரை அது நீடிக்கிறது. அம்முறையின் எல்லாக் கூறுகளும் அம்புரோசியாரிடமிருந்தே வந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் மனப்போக்குக்கு அவரே முன்னோடி. திருமுழுக்குப் பெற்றவர்களின் பாதங்களை ஆயர் கழுவும் சடங்கு மிலானில் இருந்தது, உரோமையில் இல்லை. அதைப் பற்றிப் பேசும்போது, எல்லாவற்றிலும் உரோமைத் திருச்சபையைப் பின்பற்ற விரும்புகிறேன், ஆயினும் எங்களுக்கும் சிந்திக்கத் தெரியும் என்ற பொருளில் அவர் சொன்னார். பதினாறாம் நூற்றாண்டின் திரிதெந்தின் பொதுச்சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டு முறைகள் ஒருமைப்படுத்தப்பட்ட காலத்திலும், இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபுகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கைக் கொண்டு பேராயர் கார்லோ பொரோமேயோ அதைக் காத்துக்கொண்டார். அதே மறைமாவட்டத்துக்குள் இருக்கும் மோன்சா நகரமோ இன்றும் உரோமை முறையிலேயே நிற்கிறது. உள்ளூர்ப் பற்று எவ்வளவு நுண்ணிய அளவில் இயங்குகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நகரின் அரசியலும் அவர் பெயரை எடுத்துக்கொண்டது. 1447இல் விஸ்கொந்தி குலத்தின் ஆட்சி முடிந்தபோது மிலான் மக்கள் அமைத்துக்கொண்ட மூன்றாண்டுக் குடியரசு, அம்புரோசியக் குடியரசு என்றே பெயர் பெற்றது. அதற்கு முன், 1339 பிப்ரவரியில் பாராபியாகோ என்ற இடத்தில் நடந்த போரில், வெண்ணாடை அணிந்து குதிரைமேல் வந்த அம்புரோசியார் கையிலிருந்த சவுக்கால் பகைவரை விரட்டினார் என்ற கதை பரவியது. பிற்காலப் படங்கள் பலவற்றில் அவர் சவுக்கோடு நிற்பதை இக்கதையோடு இணைத்துப் பார்ப்பார்கள். இந்த உருவம் எனக்கு உவப்பானதாக இல்லை. கொள்கை மாறுபட்ட பிரிசில்லியானுக்கு மரண தண்டனை வாங்கித் தந்த ஆயர்களோடு உறவு கொள்ள மறுத்தவர் அவர். அவரைச் சவுக்கேந்திய வீரராக்கியபோது நகரம் தன் தேவைக்காகத் தன் புனிதரை வளைத்தது.

1864இல் பழுதுபார்ப்புப் பணியின்போது போர்பிரிப் பேழை மீண்டும் கண்டறியப்பட்டு 1871இல் திறக்கப்பட்டது. மூவரின் எலும்புக்கூடுகளும் உள்ளே இருந்தன. இன்று நிலவறையில் கண்ணாடிப் பேழைக்குள் ஆயர் உடையில் அம்புரோசியார் நடுவிலும், மற்ற இருவர் இரு பக்கங்களிலும் கிடத்தப்பட்டுள்ளனர். அண்மைக்காலத்தில் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வெலும்புகளை ஆராய்ந்து, அந்த இருவரும் உயரமான இளைஞர்கள் என்று கண்டனர். நெடிய உருவம் என்று 386இல் எழுதியவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். அவர்கள் உண்மையில் மறைச்சாட்சிகளா என்பதை எலும்புகள் சொல்லாது. அதே வளாகத்தில், விக்டரின் பெயரால் அமைந்த சிற்றாலயத்தில் அம்புரோசியாரின் மிகப் பழைய உருவம் வண்ணக்கல் பதிப்பில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. சிறிய தாடி, மெலிந்த முகம், சற்றே களைத்த பார்வை. அவரை நேரில் கண்டவர்களின் பிள்ளைகள் உயிரோடிருந்திருக்கக்கூடிய காலத்தில் செய்யப்பட்ட முகம் அது.

அந்த மனிதரை அறிந்துகொள்ள விரும்புவோருக்கு நான் மார்செல்லினாவுக்கு அவர் எழுதிய கடிதங்களையே காட்டுவேன். கோவிலை அரண்மனைக்குத் தர மறுத்ததை விவரிக்கும் கடிதமும், மறைச்சாட்சிகளைக் கண்டெடுத்த கடிதமும் மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 388இல் யூப்ரத்தீஸ் கரையிலிருந்த கல்லினிக்கும் நகரில், உள்ளூர் ஆயரின் தூண்டுதலால் கிறிஸ்தவர்கள் யூதத் தொழுகைக்கூடத்தை எரித்தார்கள். அதை அந்த ஆயரே தம் செலவில் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று பேரரசர் தெயோதோசியுஸ் நீதியான ஆணை பிறப்பித்தார். அம்புரோசியார் அதை எதிர்த்து அவருக்கு எழுதினார்; பிறகு மிலான் கோவிலில் அவருக்கு முன்னாலேயே மறையுரையாற்றி, ஆணையைக் கைவிடுவதாக வாக்குறுதி பெறும்வரை பலியைத் தொடர மறுத்தார். பேரரசர் பணிந்தார். நடந்ததை வெற்றியாகவே தம் சகோதரிக்கு எழுதுகிறார்.

இரு ஆண்டுகளுக்குப் பின், படைவீரர்கள் நகர மக்களைக் கொன்ற தெசலோனிக்கா படுகொலைக்காக அதே பேரரசரை வெளிப்படையாக மனம்வருந்தச் செய்ததை மிலானும் திருச்சபையும் இன்றுவரை பெருமையோடு சொல்கின்றன; நானும் அதில் பெருமை கொள்கிறேன். அதிகாரத்தின் முன் நின்ற அதே துணிவுதான் கல்லினிக்குமில் எரிக்கப்பட்ட தொழுகைக்கூடத்துக்கு நீதி கிடைக்காமல் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அவர் பெயரைச் சொல்லி மன்றாடுகிற ஒருவனாக விரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முந்தைய மாலையில் மிலான் பேராயர் அந்தப் பேராலயத்திலிருந்து நகர மக்களுக்கும் அதன் ஆட்சியாளர்களுக்கும் உரையாற்றும் வழக்கம் உண்டு. மூன்று கடிதங்களையும் சேர்த்து வாசிப்பதற்கு அதைவிடத் தகுந்த நேரம் இல்லை.